புகைப்படத்தைப் பார்த்தால் கை வருகிறது, எதிரே இருப்பதைப் பார்த்தால் வருவதில்லை

கேள்வி: செம்பூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 37 வயதாகிறது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மும்பையில்தான். செம்பூரில் வீடு, ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளி நாட்களில் மகாராஷ்டிர அரசின் எலிமெண்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகள் இரண்டையும் எழுதித் தேறினேன் என்பதைத் தவிர எனக்கு முறையான பயிற்சி கிடையாது. கொரோனா ஊரடங்கின்போது மகளுக்காக வாங்கிய கேம்லின் நீர்வண்ணப் பெட்டியை அவள் இரண்டே நாளில் கைவிட்டுவிட்டாள், நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று இரவுகளாவது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைவது வழக்கமாக இருந்தது.

இணையத்தில் கண்ணில் படும் நல்ல புகைப்படங்களைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றைப் பார்த்து வரைவேன். அச்சு அசலாக வரும். வீட்டில் பாராட்டினார்கள், அலுவலகத்தில் இரண்டு படங்களைக் காசு கொடுத்தே வாங்கினார்கள். அந்தத் தைரியத்தில் கடந்த மார்ச் மாதம் ஒரு குழுக் கண்காட்சியில் 4,500 ரூபாய் கட்டி இரண்டு படங்கள் மாட்ட இடம் வாங்கினேன். கங்கைப் படித்துறையில் விடியற்காலையில் ஒரு படகு நிற்கும் படத்தின் முன்னால் கல்லூரி மாணவர் ஒருவர் வெகுநேரம் நின்றார். எனக்கு உள்ளூர ஒரே மகிழ்ச்சி. பிறகு அவர் தன் கைப்பேசியை எடுத்து, எதையோ தேடி, மிகவும் மரியாதையாக என்னிடம் நீட்டினார். நான் பார்த்து வரைந்த அதே புகைப்படம். "இதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று முதல் புகைப்படத்தைத் தொடக் கூசுகிறது. சொந்தமாக வரையலாம் என்று உட்கார்ந்தால் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி அரை மணி நேரம் கழிகிறது. பால்கனியில் உட்கார்ந்து எதிர்க் கட்டிடத்தை வரையப் பார்த்தேன். ஜன்னல்களும் குழாய்களும் ஏ.சி. பெட்டிகளும் காயப்போட்ட துணிகளுமாக எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. போதாக்குறைக்கு, கடந்த வாரம் மனத்தைத் தேற்றிக்கொண்டு ஒரு பழைய தாளில் சும்மா வானம் மட்டும் பூசிப் பார்த்தபோது வண்ணம் பரவாமல், ஒற்றுத்தாளில் மை இறங்குவதுபோல் புள்ளி புள்ளியாக இறங்கி நின்றது. நான்கு மாத இடைவெளியில் கையில் இருந்த வித்தையும் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

ஓவியர்களுக்கு வரைவதற்கான தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? எனக்குச் சொந்தக் கற்பனை என்று ஒன்று இல்லவே இல்லையா? மறுபடியும் நாலு பேர் முன்னால் படத்தை வைக்கும் துணிச்சல் எப்படி வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பேனர்க்காரன்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் 1976இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவன். 2001 வரை சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவன். கணினியில் அச்சடித்த பேனர் வந்து எங்கள் தொழிலை விழுங்கும் வரை, 25 ஆண்டுகள் புகைப்படத்தைப் பார்த்து வரைவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன் என்பதால், இந்த விஷயத்தில் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விநியோகஸ்தர் கொடுக்கும் ஸ்டில்லின் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள் போடுவோம். அதே எண்ணிக்கையில் துணியின் மேல் அடிக்கணக்கில் பெரிய கட்டங்களை, சுண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்து அடித்து விழவைப்போம். பிறகு ஒரு கட்டத்தில் இருப்பதை அந்தந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் இரண்டு ஆண்டுகள் எனக்குப் பின்னணியும் எழுத்தும் மட்டும்தான் கொடுத்தார்கள். அப்புறம் தலைமுடி, அப்புறம் துணிமணி. முகம் எழுத ஏழாவது ஆண்டில்தான் எங்களுக்குத் தொழில் கற்றுத் தந்த உஸ்தாத் அனுமதித்தார்.

அந்த முதல் முகத்தை நான் மறக்கவில்லை. நாயகியின் கண் மட்டுமே நாலடி அகலம். சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு எதிரே இருப்பது கண் என்றே தெரியாது; பழுப்பும் நீலமும் பூசிய ஒரு சுவர் மாதிரி இருக்கும். நான் ஸ்டில்லில் தெரிந்த ஒவ்வொரு இமைமுடியையும் விடாமல் எழுதினேன், அரை நாள் ஆனது. உஸ்தாத் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அகலமான தூரிகையில் கருநீலத்தைத் தோய்த்து மேலிமைக்குக் கீழே ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். "இறங்கிப் போய் எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடையில் நின்று பார்" என்றார். போய்ப் பார்த்தேன். நான் எழுதிய முடிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. அவர் இழுத்த அந்த ஒரு கோட்டில் அந்தப் பெண் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு இல்லாதது கற்பனை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கங்கைப் படத்தை எடுத்த புகைப்படக்காரர் இருட்டோடு எழுந்து போய், எந்தப் படகை விடுவது, எந்தப் படியை வெட்டுவது, பனி எவ்வளவு விலகியதும் பொத்தானை அழுத்துவது என்பதையெல்லாம் தீர்மானித்து முடித்த பிறகுதான் அது உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. உங்களுக்கு மிச்சம் இருந்தது வண்ணம் பூசும் வேலை. அதை நன்றாகவே செய்திருக்கிறீர்கள். எதிர்க் கட்டிடமோ யாரும் வெட்டி ஒதுக்கிக் கொடுக்காத காட்சி. அதில் எதை விடுவது என்ற பழக்கம் உங்கள் கைக்கு இன்னும் வரவில்லை, அதனால் கை நிற்கிறது. விடும் பழக்கத்தை யாரும் கருவிலிருந்து கொண்டு வருவதில்லை, எங்களுக்கும் அது டீக்கடை வாசலில்தான் கிடைத்தது.

புகைப்படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. நிழலில் இருப்பதைக் காமிரா பெரும்பாலும் ஒரே கறுப்பாக விழுங்கிவிடும். நம் கண் அந்த நிழலுக்குள்ளேயே ஊதாவையும் பச்சையையும் பார்க்கும். காமிராவுக்கு ஒற்றைக் கண், நமக்கு இரண்டு. ஸ்டில்லை மட்டுமே பார்த்து வளர்ந்த நான், ஐம்பது வயதில் தொழில் போன பிறகு முதன்முறையாக ஒரு குடத்தை எதிரே வைத்து வரைய உட்கார்ந்தபோது நீங்கள் பட்ட பாட்டைத்தான் பட்டேன்.

எனக்குப் பயன்பட்ட ஒரு வழி: தாளில் தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம் போடுங்கள். மென்மையான பென்சில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் வெண்மை, ஒரு நடுச்சாம்பல், ஒரு அடர்கறுப்பு, இந்த மூன்றுக்கு மேல் கூடாது. ஐந்து நிமிடம். அந்த அளவுக்குள் ஏ.சி. பெட்டியும் குழாயும் நுழையவே முடியாது. அவை தாமாகவே உதிர்ந்துவிடும். ஒரே காட்சியை வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில் வெட்டி, முப்பது தீப்பெட்டி போடுங்கள். இடத்தை மாற்றாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நீங்கள் நின்றால் யாரும் ஏன் என்று கேட்காத ஒரு இடமாக இருக்கட்டும்.

புகழ்பெற்ற ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் இளமையில் இதே பம்பாயில் சினிமா பேனர் எழுதியவர்தான். அவர் ஹுசைன் ஆனார், நான் ஆகவில்லை என்பது வேறு கதை.

பதில்: வடாலா ஓவிய ஆசிரியை

பேனர்க்கார ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்கு உடன்படுகிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு, பார்த்து வரைந்த ஆண்டுகள் எல்லாம் வீண் என்று தோழி முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பார்த்து எழுதுவது நம் மரபில் குற்றமே இல்லை. அம்மா போட்ட புள்ளிக்கோலத்தை நாம் நோட்டுப் புத்தகத்தில் எடுத்துக்கொண்டுதான் கற்றோம். பதினைந்து புள்ளியில் போட்டதைப் பதினொன்றாகக் குறைக்கும்போது எந்தச் சுழியை விடுவது என்று யோசித்த அந்தக் கணத்தில்தான் அது நம் கோலமாயிற்று. வின்சென்ட் வான் கோ 1889, 1890ஆம் ஆண்டுகளில் பிரான்சின் சென்-ரெமியில் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, மாதிரிக்கு ஆள் கிடைக்காத நாட்களில், பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். உருவமும் அமைப்பும் மில்லேயுடையவை, மஞ்சளும் நீலமும் வான் கோவுடையவை. எந்த இடத்தில் தன் தீர்மானம் நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் புகைப்படத்தை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு வண்ணத்தை நீங்களே தீர்மானித்துப் பாருங்கள். பிறருடைய புகைப்படம் என்றால் அவர் பெயரையும் அனுமதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கண்காட்சியில் வைக்கவே வேண்டாம். அந்த மாணவர் காட்டியது உங்கள் திறமைக்குறையை இல்லை. சொல்லாமல் விட்ட ஒரு கடனை. அதைத் தீர்ப்பது எளிது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இன்டர்மீடியட் தேர்வு எழுதியதாகச் சொன்னீர்கள். அதில் "மெமரி டிராயிங்" என்று ஒரு தாள் எழுதியது நினைவிருக்கிறதா? சந்தை, பேருந்து நிறுத்தம் என்று ஏதாவது ஒரு காட்சியைச் சொல்லிவிடுவார்கள், எதிரே எதுவும் இருக்காது, மனத்திலிருந்து வரைய வேண்டும். நாங்களும் பிள்ளைகளுக்கு நான்கு மனித உருவங்களை மனப்பாடம் செய்ய வைத்துத் தேர்வுக்கு அனுப்பிவிடுகிறோம். மூன்று பெண்கள், ஒரு தள்ளுவண்டிக்காரர், பின்னால் ஒரு மரம். எந்தக் காட்சி வந்தாலும் அதே நால்வர்தான் வருவார்கள். அந்தத் தாளை நாங்கள் பாழாக்கி வைத்திருக்கிறோம் என்பதை ஆசிரியையாகிய நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பயிற்சியின் கரு மிக உயர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர், மாணவர்களை ஒரு பொருளை நன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, அதை விலக்கிய பிறகு நினைவிலிருந்து வரையவைக்கும் முறையைப் படிப்படியாக வகுத்தார். சிற்பி ரொதான் அவரிடம் பயின்றவர். நினைவு தானாகவே சல்லடையாக வேலை செய்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். ஐயா சொன்ன அந்த விடும் வேலையை இங்கே மறதி செய்துகொடுக்கிறது. இரவில் உங்கள் நினைவில் எஞ்சியிருப்பது எதுவோ அதுதான் உங்களைத் தொட்டது. தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, என் அனுபவத்தில் அது இந்த எச்சத்திலிருந்துதான் வருகிறது.

நீங்கள் நாள்தோறும் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. ரயில் முனையம் வரை ஹார்பர் லைன் ரயிலில் போகிறவர். பெண்கள் பெட்டியில் ஒருவரை ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள். உற்றுப் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் ஒரு நிமிடமே போதும். குர்லாவில் பார்த்தவரை இரவு சாப்பாட்டு மேசையில் வரையுங்கள். எங்கே தெரியவில்லையோ அங்கே கற்பித்து நிரப்பாமல் தாளை வெறுமையாக விடுங்கள். மறுநாள் அந்த வெறுமைக்கு விடை தேடிக்கொண்டு ரயில் ஏறுவீர்கள். பைக்கட்டை மடியில் வைத்தபடி தூங்குகிறவரின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒருவர் ஆவலோடு வேலைக்குப் போவது நல்ல விஷயம்தானே.

இன்னொன்று. மைசூரில் பிறந்த தமிழரான கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லட்சுமண், நம் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர விண்ணப்பித்தபோது போதிய திறமை தெரியவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் அதற்காக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. சிறு வயதில் ஜன்னல் வழியாகப் பார்த்து வரையத் தொடங்கிய காக்கையை வாழ்நாள் முழுவதும் வரைந்தார். புகழ் வந்த பிறகும் வரைந்தார். காக்கையைவிட எளிதில் கிடைக்கும் மாதிரி இந்த நகரத்தில் வேறு எது இருக்கிறது?

பதில்: ஈரத்தாள்

கை போய்விட்டதோ என்ற பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கை எங்கும் போகவில்லை, தாள்தான் போய்விட்டது. நீர்வண்ணத் தாளில் வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் மேலே நிற்பதற்காகத் தயாரிக்கும்போதே பசை சேர்த்திருப்பார்கள். மும்பையின் மழைக்காலத்தில் அலமாரியில் திறந்தபடி கிடக்கும் தாளில் ஈரம் ஏறி ஏறி அந்தப் பசை கெட்டுவிடும். அதற்குப் பிறகு அது வெறும் ஒற்றுத்தாள்தான். அங்கங்கே புள்ளி விழுவதும் அதனால்தான். உலகத்தின் தலைசிறந்த ஓவியரும் அதில் வானம் பூச முடியாது. எத்தனை பேர் இதனாலேயே ஜூலை மாதத்தில் தூரிகையைத் தூக்கி எறிந்திருப்பார்களோ தெரியவில்லை.

புதிதாக 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் இரண்டே இரண்டு வாங்கி, கால் கால் பாகமாகக் கிழித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். பழைய தாளைப் பென்சில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வண்ணம் காய நேரம் எடுக்கும்; முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் போட்டுச் சேறாக்கிவிடாமல், தாளின் பின்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

பதில்: கலா கோடா நடைபாதை

துணிச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன், கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன். பணம் கட்டினால் யாருக்கும் சுவர் கொடுக்கும் குழுக் கண்காட்சிகளில் நானும் மூன்று முறை பணம் கட்டியிருக்கிறேன். அங்கே படங்களைத் தேர்ந்தெடுப்பவர் யாரும் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் மற்ற பங்கேற்பாளர்களின் உறவினர்கள். கடைசி நாளில் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கிடைக்கும் பாராட்டையும் நம்ப வேண்டாம், மௌனத்தையும் நம்ப வேண்டாம். உங்கள் கண்காட்சியில் உண்மையாகப் படத்தைப் பார்த்த ஒரே ஆள் அந்த மாணவர்தான் என்று எனக்குப் படுகிறது.

ஜெஹாங்கீர் கலைக்கூடத்தில் 1952 முதல் எத்தனையோ பேர் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அங்கே கூடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே கட்டிடத்துக்கு வெளியே நடைபாதையில் படங்களைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் ஓராண்டு சனிக்கிழமைதோறும் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எதிரே உட்காருகிறவரின் முகத்தைப் பதினைந்து நிமிடத்தில் கரியில் எழுதித் தருவார். பின்னால் பத்துப் பேர் நின்று, மூக்கு சரியில்லை, காது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள், கூச்சமாக இருக்காதா என்று கேட்டேன். முதல் நூறு முகம் வரை இருந்தது, அப்புறம் கூச்சப்பட நேரம் கிடைக்கவில்லை என்றார்.

எனவே, அடுத்த கண்காட்சியைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். யாரை வரைகிறீர்களோ அவருக்கே படத்தைக் காட்டுங்கள்; அதைவிடக் கண்டிப்பான நடுவர் கிடைக்க மாட்டார். கணக்கு வேலையை விட்டால்தான் கலை வரும் என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற பணத்தில்தான் ஓவியம் தீட்டினார்கள். முற்போக்குக் கலைஞர் குழுவை 1947இல் இதே ஊரில் தொடங்கியவர்களில் ஒருவரான கே.எச். ஆரா, வீட்டு வேலை செய்தும் கார் துடைத்தும் பிழைத்தவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த படங்களில் பூக்களும் ஜாடிகளும் முக்கியமானவை. அவற்றைத் தேடி அவர் வெகுதூரம் போயிருக்க முடியாது.

மீண்டும்: செம்பூர்வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். புதுத் தாள் வாங்கினேன். வானம் வந்தது. அந்த ஒரு வானத்தைப் பார்த்து நான் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஐயா சொன்ன இடத்துக்காக இரண்டு நாள் யோசித்தேன். செட்டா நகர் முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் ஓர் அம்மா பூக்கட்டி விற்கிறார். எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம்தான் பூ. பத்து ஆண்டுகளாக வாங்குகிறேன், அவர் எப்படிக் கட்டுகிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்பது வரைய நின்றபோதுதான் தெரிந்தது. ஈரச் சாக்கின் மேல் மல்லிகை மொட்டுகள் குவிந்திருக்கின்றன. வாழைநாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே மொட்டு இரண்டை ஒரு பக்கம், இரண்டை எதிர்ப்பக்கம் என்று காம்போடு காம்பு சேர்த்து வைத்து, வலது கையால் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் அடியிலேயே நுழைத்துச் சுண்டி இழுக்கிறார். சுண்டும்போது மட்டும் கால் விரல் நிமிர்கிறது. கண் நாரைப் பார்ப்பதே இல்லை; தெருவைத்தான் பார்க்கிறது.

இதுவரை 22 தீப்பெட்டிகள் ஆகியிருக்கின்றன. முதல் எட்டில் கடை முழுவதும் இருந்தது: தராசு, குடை, சாமி படம், எல்லாம். ஒன்பதாவதில் குடை போயிற்று. பதினைந்துக்கு மேல் கையும் காலும் நடுவே ஒரு கோடாக நாரும் மட்டும்தான் இருக்கின்றன, மொட்டுகள்கூட ஒரு வெள்ளை இடைவெளிதான். இதை நான் திட்டமிடவில்லை. ரயிலில் இரவுப் பயிற்சிக்காகப் பார்ப்பதும் நடக்கிறது. ஆனால் டீச்சர், உட்கார இடம் கிடைத்தால் நானே தூங்கிவிடுகிறேன்.

நேற்று துணிந்து ஒரு படத்தைப் பெரிதாக, முகத்தோடு சேர்த்து, நினைவிலிருந்தே நீர்வண்ணத்தில் தீட்டி அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "எல்லாம் சரிதாம்மா. மூக்குத்திய எதுக்கு இடது பக்கம் போட்டே?" என்று கேட்டார். அவருக்கு அது வலது பக்கம். இங்கே சுற்றிலும் மராத்திப் பெண்கள் இடது பக்கம்தான் குத்திக்கொள்கிறார்கள்; அலுவலகத்திலும் ரயிலிலும் பார்த்த மூக்கை எல்லாம் எடுத்து அவர் முகத்தில் வைத்திருக்கிறேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மார்ச் மாத வெட்கம் மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்ததும் வரைய மறுபடியும் தாளை எடுத்துவிட்டேன்.

பதில்: வடாலா ஓவிய ஆசிரியை

தெரியாத இடத்தைக் கற்பித்து நிரப்பாதீர்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான். பிள்ளைகளின் விடைத்தாளில் வரும் அந்த நால்வரில் ஒருவர் உங்கள் படத்துக்குள்ளும் நுழைந்துவிட்டார். கை, கால், நார் மூன்றிலும் அவரால் நுழைய முடியவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அங்கே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பதில்: பேனர்க்காரன்

அம்மா, 22 ஆனதற்கு மகிழ்ச்சி, இன்னும் எட்டு பாக்கி. முகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எனக்கே ஏழாவது ஆண்டில்தான் கொடுத்தார்கள். சுண்டும்போது கால் விரல் நிமிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த விரல் எவ்வளவு நிமிர்கிறது, நகம் தெரிகிறதா, நார் விரலின் எந்த ரேகையில் பதிகிறது என்று இந்த வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். முடிந்தால் அந்த மூக்குத்திப் படத்தையும் இங்கே போடுங்கள், திருத்தாமல்.